‘மழை விட்டுச்சு... பஸ் நின்னுச்சு..!’ - ஸ்பானிஷ்ல ‘ஸ்டாப்’ சொல்ல நாஞ்சில் நாட்டுத் தமிழே வழிகாட்டும்!

நாகர்கோவில்ல நர்ஸிங் முடிச்சுட்டு, தேர்வெல்லாம் எழுதி, அமெரிக்காவுல ஒரு ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர்ந்துட்டீங்கன்னு வெச்சுக்கோங்க. நைட் டியூட்டி. அறுபது வயசு மெக்ஸிகோ அம்மா ஒருத்தங்க தலைசுத்தலோட வந்து படுத்திருக்காங்க. பி.பி எகிறிக் கிடக்கு. அமெரிக்காவுல வீட்டுல ஸ்பானிஷ் பேசுறவங்க மட்டுமே 4 கோடிக்கும் மேல. அதனால இப்படி ஒரு பேஷன்ட் உங்க வார்டுக்கு வராம இருந்தாதான் அதிசயம்.

மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களான்னு ஆப்ல படிச்ச ஸ்பானிஷை வெச்சு கேட்கிறீங்க. அவங்க பதில் இந்த மூணுல ஒண்ணா இருக்கலாம்.

‘தெஹே தெ தொமார் ல பஸ்தீய.’

‘தெஹாப தெ தொமார் ல பஸ்தீய.’

‘எ தெஹாதொ தெ தொமார் ல பஸ்தீய.’

அவசரத்துல மூணுமே ‘மாத்திரையை நிறுத்திட்டேன்’னுதான் காதுல விழும். ஆனா, மூணும் ஒண்ணு இல்ல. முதல் வாக்கியம், ‘ஒரு நாள் மாத்திரையை விட்டேன்’. ரெண்டாவது, ‘அப்பப்போ விட்டுடுவேன்’. மூணாவது, ‘விட்டிருக்கேன், இப்பவும் சாப்பிடலை’. சில பி.பி மாத்திரைகளைத் திடீர்னு நிறுத்தினா ரத்த அழுத்தம் சட்டுனு ஏறும். அதனால எப்போ விட்டாங்க, ஒருமுறை விட்டாங்களா, அடிக்கடி விடுவாங்களாங்கிறது டாக்டருக்கு ரொம்ப முக்கியம். அந்தத் தகவல் மொத்தமும் வினைச்சொல்லோட வாலுல ஒளிஞ்சிருக்கு.

ஸ்பானிஷ் படிக்கிற நம்ம பசங்க தடுக்கி விழுற இடமும் இதுதான். இங்கிலீஷ்ல யோசிச்சா, ‘ஸ்டாப்’னு ஒரே வார்த்தைதான் மனசுக்கு வரும். ஸ்பானிஷ்ல அதுக்கு நாலஞ்சு வினை. ஒவ்வொண்ணுக்கும் மூணு இறந்தகாலம். தலை சுத்தத்தானே செய்யும்? ஆனா, இங்கிலீஷை ஓரமா வெச்சுட்டு, நம்ம வீட்டுல பேசுற தமிழ்ல யோசிச்சுப் பாருங்க. பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துடும்!

முதல்ல உச்சரிப்பு... ஒரு சின்ன குறிப்பு

ஸ்பானிஷ் சொற்களை இங்கே தமிழ் எழுத்துலயே கொடுத்திருக்கோம். நெடில் வர்ற இடத்துல அழுத்திச் சொல்லணும், குறில் வர்ற இடத்தை லேசா விட்டுடணும். இது சும்மா அழகுக்கு இல்ல. ‘தேஹொ’ன்னு முன்னாடி அழுத்தினா ‘நான் விடுறேன்’. ‘தெஹோ’ன்னு பின்னாடி அழுத்தினா ‘அவர் விட்டார்’. ஆளும் மாறிடும், காலமும் மாறிடும். குறில், நெடில் பார்த்தே வளர்ந்த நமக்கு இது பெரிய வேலையே இல்ல.

படி 1: எந்த வினை? ‘விடு’வா, ‘நில்’லா?

நம்ம ஊர்ல மழை ஓய்ஞ்சா என்ன சொல்வோம்? ‘மழை விட்டுட்டுல்லா, கெளம்பு மக்கா’ன்னுதானே? அப்பா குடிக்கிறதை நிறுத்தினா, ‘அவரு குடியை விட்டுட்டாரு’. வேலையை உதறினா, ‘வேலையை விட்டுட்டான்’. சாவியை மறந்தா, ‘வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன்’. காதல் முறிஞ்சா, ‘அவ அவனை விட்டுட்டா’.

இந்த அஞ்சு ‘விடு’வுக்கும் ஸ்பானிஷ்ல ஒரே வினை, ‘தெஹார்’. மழை விட்டது, ‘தெஹோ தெ யொவேர்’. வேலையை விட்டேன், ‘தெஹே எல் த்ரபாஹொ’. சாவியை வீட்டுல விட்டேன், ‘தெஹே லஸ் யாவெஸ் என் காஸ’. ரெண்டு மொழிக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. ஆனா, யோசிக்கிற விதம் இந்த இடத்துல அச்சு அசல் ஒண்ணா இருக்கு.

அடுத்தது ‘நில்’. ஸ்பானிஷ்ல ‘பரார்’. ஓடிட்டு இருந்தது ஓட்டத்தை நிறுத்துறது. பஸ் நின்னுச்சு, எஞ்சின் நின்னுச்சு, கடிகாரம் நின்னுச்சு. தென்னமெரிக்க நாடுகள் பலவற்றுல சாலையோர நிறுத்தப் பலகையில ‘பாரெ’ன்னுதான் எழுதியிருக்கும், ‘நில்’னு அர்த்தம். மெக்ஸிகோவுல அதே பலகை ‘ஆல்தொ’. ஸ்பெயின்லயோ இங்கிலீஷ் ‘ஸ்டாப்’பே இருக்கும்!

சுருக்கமா இப்படி ஞாபகம் வெச்சுக்கோங்க.

* பழக்கம், வேலை, உறவு, மருந்து... இதையெல்லாம் விட்டா - தெஹார்
* வண்டி, எஞ்சின், நடை... ஓட்டம் நின்னா - பரார்
* ஒருத்தரை, ஒரு படையைத் தடுத்து நிறுத்தினா - தெதெனேர்
* செஞ்சு முடிச்சா - தெர்மினார்

மழைக்கு மட்டும் ரெண்டும் ஓகே. நாம ‘மழை விட்டுச்சு’ன்னும் சொல்றோம், ‘மழை நின்னுச்சு’ன்னும் சொல்றோம்ல? அங்கேயும் அப்படியே. ‘தெஹோ தெ யொவேர்’, ‘பரோ தெ யொவேர்’, ரெண்டுமே சரி.

‘தெ’ இல்லைன்னா கதை கந்தல்!

‘தெஹே தெ ஃபுமார்’னா, ‘சிகரெட் பிடிக்கிறதை விட்டேன்’. நடுவுல இருக்கிற அந்தச் சின்ன ‘தெ’வை முழுங்கிட்டு, ‘தெஹே ஃபுமார்’னு சொன்னா? ‘சிகரெட் பிடிக்க விட்டேன்’, அதாவது யாரையோ அனுமதிச்சேன்னு ஆயிடும்.

தமிழ்ல பாருங்க. ‘குடிக்கிறதை விட்டேன்’, ‘குடிக்க விட்டேன்’. ஒரே ‘விட்டேன்’தான். முன்னாடி இருக்கிற ‘கிறதை’ இருந்தா நல்ல சேதி, இல்லைன்னா வீட்டுல சண்டை. ஸ்பானிஷ் ‘தெ’ செய்யுறது நம்ம ‘கிறதை’ செய்யுற அதே வேலை. வாக்கியத்தைச் சொல்றதுக்கு முன்னாடி மனசுக்குள்ள ‘கிறதை விட்டேன்’னு வருதான்னு பாருங்க. வந்தா ‘தெ’ போடுங்க.

ஆனா, விடுறது ஒரு செயலா இல்லாம ஒரு பொருளாவோ ஆளாவோ இருந்தா ‘தெ’ வேண்டாம். ‘வேலையை விட்டேன்’, ‘தெஹே எல் த்ரபாஹொ’. ‘வேலை செய்யுறதை விட்டேன்’, ‘தெஹே தெ த்ரபஹார்’.

நின்னது யாரு, நிறுத்தினது யாரு?

சின்னமுட்டம் துறைமுகத்துல ஒரு விசைப்படகுன்னு வெச்சுக்கோங்க. ‘எஞ்சின் நின்னுட்டு’ன்னா தானா நின்னுடுச்சு, மெக்கானிக்கைத் தேடணும். ‘எஞ்சினை நிறுத்தினேன்’னா நாமளே அணைச்சோம், பிரச்னை இல்ல. தமிழ்ல இதுக்கு ‘நில்’, ‘நிறுத்து’ன்னு ரெண்டு சொல். ஸ்பானிஷ்ல ஒரே ‘பரார்’தான். ஆனா, தானா நின்னதுக்கு முன்னாடி ஒரு ‘செ’ ஒட்டிக்கும்.

எஞ்சின் நின்னுட்டு: ‘எல் மொதோர் செ பரோ.’

எஞ்சினை நிறுத்தினேன்: ‘பரே எல் மொதோர்.’

கப்பல் வேலைக்குப் போற தம்பிகளுக்கு இந்த ‘செ’ ரொம்ப முக்கியம். அதை விட்டுட்டுச் சொன்னா, நின்னுபோன எஞ்சினை யாரோ வேணும்னே அணைச்ச மாதிரி ஆயிடலாம்.

இன்னொரு வேடிக்கை. தமிழ்ல ‘நின்னான்’னா நடக்கிறதை நிறுத்தினான்னும் சொல்லலாம், காலை ஊன்றி நிமிர்ந்து நின்னான்னும் சொல்லலாம். லத்தீன் அமெரிக்காவுலயும் இதே கதைதான். அங்கே ‘மெ பரே’ன்னா பெரும்பாலும் ‘நான் எழுந்து நின்னேன்’. ஸ்பெயின்ல அதே ‘மெ பரே’, ‘நடந்துட்டு இருந்தவன் நின்னுட்டேன்’. கொலம்பியாக்காரர் ‘நாற்காலியில இருந்து மெ பரே’ங்கிற மாதிரி சொன்னா குழம்பாதீங்க. நம்ம ‘நில்’ மாதிரியே அதுக்கும் ரெண்டு முகம்.

‘டீ குடிக்க நின்னேன்’, ‘டீ குடிக்கிறதை நிறுத்தினேன்’. இந்த வித்தியாசத்தையும் பார்த்துடுவோம். டீக்காக நின்னா ‘பர’ போடணும், ‘பரே பர தொமார் தே’. டீயையே நிறுத்தினா ‘தெ’ போடணும், ‘தெஹே தெ தொமார் தே’. நடுவுல வர்ற சொல் மாறினா, டீக்கடைக்காரருக்கு ஒரு கஸ்டமர் கிடைக்கவும் செய்யலாம், போகவும் செய்யலாம்!

குளச்சல்ல நடந்தது என்ன வினை?

1741-ல குளச்சல் கடற்கரையில திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவோட படை டச்சுக் கம்பெனியைத் தோற்கடிச்சது நம்ம மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துலயே தெரியும். இதை ஸ்பானிஷ்ல சொல்ல ‘தெஹார்’ சரிவராது, ‘பரார்’ கொஞ்சம் சப்புனு இருக்கும். எதிரே வந்தவங்களைத் தடுத்து நிறுத்தினதால ‘தெதெனேர்’தான் சரி. ‘மார்த்தாண்ட வர்மா தெதூவொ அ லொஸ் ஒலந்தேஸெஸ் என் குளச்சல்.’

கவனிச்சீங்களா? ‘தெதெனேர்’ இறந்தகாலத்துல ‘தெதெனோ’ன்னு ஆகலை, ‘தெதூவொ’ன்னு மாறிடுச்சு. விதிப்படி போகாத வினை இது. நான் நிறுத்தினேன், ‘தெதூவெ’. அவர் நிறுத்தினார், ‘தெதூவொ’. அவங்க நிறுத்தினாங்க, ‘தெதுவியேரொன்’. இதை மனப்பாடம் பண்றதைத் தவிர வேற வழி இல்ல.

குளச்சல்ல பிடிபட்ட டச்சுத் தளபதி தெ லனாய், பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தார். அவரோட கல்லறை இன்னைக்கும் புலியூர்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ள இருக்கு. அவர் டச்சுக்காரங்களுக்காகச் சண்டை போடுறதை விட்டார். இங்கே ‘தெஹோ’. அவரைத் தடுத்தது ‘தெதூவொ’, அவரா விட்டது ‘தெஹோ’. ஒரே ஆளோட கதையில ரெண்டு வினை!

ஒரு எச்சரிக்கை. ‘தெதெனேர்’னா போலீஸ் பிடிச்சு வைக்கிறதும்தான். ‘என் அண்ணனை வாசல்ல நிறுத்தினாங்க’ன்னு சொல்ல நினைச்சு, ‘லொ தெதுவியேரொன்’னு சொல்லிட்டா, ‘அண்ணனைக் கைது பண்ணிட்டாங்களா?’ன்னு எதிராளி பதறிடுவார்.

முடிச்சதா, விட்டதா?

இன்டர்வியூவுல ரொம்ப அடிவாங்குற இடம் இது. ‘தெர்மினே எல் த்ரபாஹொ’ன்னா ‘வேலையை முடிச்சேன்’. ‘தெஹே எல் த்ரபாஹொ’ன்னா ‘வேலையை விட்டேன்’. ஒரு புராஜெக்ட்டை வெற்றிகரமா முடிச்சவர், வார்த்தை மாறிச் சொன்னா பாதியில ஓடிவந்தவர் ஆயிடுவார்.

ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான். ஆன்டிபயாடிக்கை அஞ்சு நாள் சாப்பிட்டு முடிச்சவர் சொல்றது ‘தெர்மினே’. ரெண்டாம் நாளே காய்ச்சல் போயிடுச்சுன்னு விட்டவர் சொல்றது ‘தெஹே’. கேட்கிற நர்ஸுக்கு இதுல இருந்தே அடுத்த கேள்வி என்னன்னு தெரிஞ்சுடும்.

படி 2: எந்த இறந்தகாலம்?

வினையைத் தேர்ந்தெடுத்தாச்சு. இப்போ வால். ஸ்பானிஷ்ல அன்றாடம் புழங்குற இறந்தகாலம் மூணு.

1. இந்தெஃபினீதொ - ‘விட்டேன்’

ஒரு நாள், ஒரு நொடி, ஒரு தேதி. நடந்து முடிஞ்சுது. தெஹே (நான்), தெஹாஸ்தெ (நீ), தெஹோ (அவர்), தெஹாமொஸ் (நாங்க), தெஹாரொன் (அவங்க). மரியாதையா ‘நீங்க’ன்னு கேட்கும்போதும் ‘தெஹோ’தான் வரும்.

நம்ம மாவட்டத்தையே எடுத்துக்கோங்க. 1956 நவம்பர் 1. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தை விட்டு அன்றைய சென்னை மாநிலத்தோட சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமா ஆன நாள். ‘கன்னியாகுமரி தெஹோ தெ சேர் பார்தெ தெ திருவிதாங்கூர்-கொச்சி.’ தேதி இருக்கு, கோடு கிழிச்ச மாதிரி ஒரு முடிவு இருக்கு. அதனால ‘தெஹோ’.

அயேர் (நேத்து), எல் வியேர்னெஸ் (வெள்ளிக்கிழமை), ஆஸெ த்ரேஸ் தீயஸ் (மூணு நாளைக்கு முன்னாடி) மாதிரி சொற்கள் வந்தா கண்ணை மூடிட்டு இதைப் போடுங்க.

2. இம்பெர்ஃபெக்தொ - ‘விட்டுடுவேன்’, ‘நின்னுட்டு இருந்துச்சு’

தமிழ்ல ஒரு விசித்திரம் உண்டு. பழைய பழக்கத்தைச் சொல்ல நாம எதிர்கால வினையைப் போடுவோம். ‘நான் ஸ்கூல் படிக்கும்போது எக்ஸ்பிரஸ் பஸ் சுங்கான்கடையில நிக்கும்.’ நிக்கும்! நடந்தது இருபது வருஷம் முன்னாடி, ஆனா வினை எதிர்காலம் மாதிரி இருக்கு. இந்த ‘நிக்கும்’, ‘போவாரு’, ‘விட்டுடுவேன்’ எல்லாமே ஸ்பானிஷ்ல இம்பெர்ஃபெக்தொ.

பஸ் அப்போல்லாம் அங்கே நிக்கும்: ‘எல் அவ்தொபூஸ் பராப அயீ.’

பஸ் நேத்து அங்கே நின்னுச்சு: ‘எல் அவ்தொபூஸ் பரோ அயீ அயேர்.’

தெஹாப (நான்), தெஹாபஸ் (நீ), தெஹாப (அவர்), தெஹாபமொஸ் (நாங்க), தெஹாபன் (அவங்க). ‘நானு’க்கும் ‘அவரு’க்கும் ஒரே வடிவம்தான். சந்தேகம் வந்தா யாருன்னு சேர்த்துச் சொல்லிடுங்க.

இன்னொரு விஷயம். விடுறதுங்கிறது ஒரு நொடியில நடக்கிற காரியம். அதனால ‘தெஹாப தெ...’ தினமும் வர்ற வடிவம் இல்ல. வந்தா, ‘ஒவ்வொரு தடவையும் விட்டுடுவேன்’னு திரும்பத் திரும்ப நடந்ததைச் சொல்லத்தான் பெரும்பாலும் வரும். அந்த மெக்ஸிகோ அம்மா, ‘குவாந்தொ மெ செந்தீய பியேன், தெஹாப தெ தொமார் ல பஸ்தீய’ன்னு சொல்லியிருந்தா, ‘உடம்பு நல்லா இருக்கும்போதெல்லாம் மாத்திரையை விட்டுடுவேன்’னு அர்த்தம். பி.பி பேஷன்ட்டுங்க நம்ம ஊர்லயும் அடிக்கடி சொல்ற வசனம்தானே?

3. பெர்ஃபெக்தொ - ‘விட்டிருக்கேன்’

விட்டது நேத்தைய சங்கதி இல்ல, அதோட விளைவு இப்பவும் தொடருது. எ (நான்), அஸ் (நீ), அ (அவர்), ஏமொஸ் (நாங்க), அன் (அவங்க)... இதோட ‘தெஹாதொ’ சேர்க்கணும். ‘எ தெஹாதொ தெ ஃபுமார்’, ‘சிகரெட்டை விட்டிருக்கேன்’.

இங்கே ஊர் வித்தியாசம் உண்டு. ஸ்பெயினோட பெரும்பகுதியில இன்னைக்கு, இந்த வாரம் நடந்ததுக்கு இதைத்தான் போடுவாங்க. மெக்ஸிகோ, அர்ஜென்டினா பக்கம் இன்னைக்குக் காலையில விட்டதுக்கும் ‘தெஹே’தான். ஸ்பானிஷ்ல ‘இன்னைக்கு’ங்கிற சொல் ‘ஓய்’. நாஞ்சில் நாட்டுப் பெரியவங்க ‘என்ன ஓய்’னு கூப்பிடுவாங்களே, அதே சத்தம். மாட்ரிட்காரர் ‘ஓய் எ தெஹாதொ...’ன்னு ஆரம்பிப்பார். மெக்ஸிகோக்காரர் ‘ஓய் தெஹே...’ன்னு முடிச்சுடுவார். யாரும் தப்பு இல்ல. நீங்க எந்த ஊருக்குப் போறீங்களோ அந்த ஊர்ப் பழக்கத்தைப் பிடிச்சுக்கோங்க.

‘விடாம...’ - மனசைத் தொடுற ஒரு வடிவம்

‘விடாம மழை’, ‘விடாம போன் பண்ணிட்டே இருந்தா’, ‘நிக்காம ஓடினான்’. தமிழ்ல ‘விடாம’, ‘நிக்காம’ன்னா தொடர்ந்துன்னு அர்த்தம். ஸ்பானிஷ்லயும் அப்படியே. ‘சின் பரார்’னா நிக்காம. ‘நோ தெஹாப தெ யொவேர்’னா மழை விடாம பெய்ஞ்சுட்டே இருந்தது. தனியா அபூர்வமா வர்ற ‘தெஹாப’, முன்னாடி ‘நோ’ சேர்ந்துட்டா சர்வசாதாரணமா வரும்.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் நம்ம மாவட்டத்தை உலுக்கின நாள். காற்று நிக்கலை. ரப்பரும் வாழையும் சாய்ஞ்சு, மின்கம்பங்கள் விழுந்து ஊரே இருண்டு கிடந்துச்சு. கடலுக்குப் போனவங்க திரும்பி வரலை. கடற்கரைக் கிராமங்கள்ல குடும்பங்கள் காத்துக்கிட்டே இருந்தாங்க.

இதை ஸ்பானிஷ்ல எழுதறப்போ வால்தான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. ‘நோ தெஹாபன் தெ எஸ்பெரார்’னா, ‘காத்திருக்கிறதை விடாம இருந்தாங்க’. அந்தக் காத்திருப்புக்குள்ளேயே நாம நிக்கிறோம், அது எப்போ முடிஞ்சுதுன்னு வாக்கியம் சொல்லலை. ‘நோ தெஹாரொன் தெ எஸ்பெரார்’னா, ‘அந்தக் காலம் முழுக்க அவங்க காத்திருக்கிறதை விடலை’. முடிஞ்சுபோன ஒரு காலத்தைத் தள்ளி நின்னு பார்த்துச் சொல்றது. ‘நோ’வை எடுத்துட்டு ‘தெஹாரொன் தெ எஸ்பெரார்’னா, ‘காத்திருக்கிறதை விட்டுட்டாங்க’. ஒரு குடும்பத்தோட நம்பிக்கை உடைஞ்ச நாள் அது. இப்படி ஒரு விஷயத்தைச் சொல்லும்போது இலக்கணத் தப்பு வெறும் தப்பு இல்ல. நடக்காத ஒண்ணை நடந்ததா சொல்லிடுற காரியம்.

சந்தேகமா? இந்த ‘யா நோ’வைப் பிடிச்சுக்கோங்க

எந்த வால்னு பதற்றத்துல மறந்துபோச்சா? இறந்தகாலமே வேண்டாம். ‘யா நோ’ போட்டு நிகழ்காலத்துல சொல்லுங்க. ‘யா நோ ஃபூமொ’, ‘இப்போ சிகரெட் பிடிக்கிறதில்ல’. ‘யா நோ தோமொ ல பஸ்தீய’, ‘இப்போ மாத்திரை சாப்பிடுறதில்ல’. எப்போ விட்டீங்கன்னு அடுத்து கேட்டா, நாளை மட்டும் சொல்லுங்க. ‘எல் வியேர்னெஸ்.’ போதும், புரிஞ்சுடும்.

நீங்களே செஞ்சு பாருங்க!

பதிலைக் கையால மறைச்சுட்டு, முதல்ல தமிழ் வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லுங்க. ‘விடு’வா, ‘நில்’லா, ‘தடுத்து நிறுத்து’வா, ‘முடி’யான்னு பாருங்க. அப்புறம் வால்.

1. நேத்து மழை விட்டுச்சு.
பதில்: ‘அயேர் தெஹோ தெ யொவேர்.’ ஒரு நாள், முடிஞ்சுது.

2. சின்ன வயசுல எங்க வீட்டுக்கு முன்னாடி பஸ் நிக்கும்.
பதில்: ‘பராப.’ பழைய பழக்கம். ‘நிக்கும்’னு வந்தாலே இம்பெர்ஃபெக்தொ.

3. தம்பியை விளையாட விட்டேன்.
பதில்: ‘தெஹே ஹுகார் அ மி எர்மானொ.’ ‘தெ’ இல்ல. ‘கிறதை’ இல்லையே!

4. போலீஸ் லாரியைத் தடுத்து நிறுத்துச்சு.
பதில்: ‘தெதூவொ.’ தடுத்ததால தெதெனேர்.

5. அவ விடாம போன் பண்ணிட்டே இருந்தா.
பதில்: ‘நோ தெஹாப தெ யமார்.’

அஞ்சும் சரியா? சபாஷ். மூணு சரின்னாலும் பரவாயில்ல, நாளைக்கு மறுபடி பாருங்க.

அதிகாரபூர்வமா சான்றிதழ் வேணும்னா, ‘தேலெ’ங்கிற ஸ்பானிஷ் தேர்வை எழுதலாம். ஸ்பெயின் அரசோட செர்வான்தெஸ் நிறுவனம் இதை நடத்துது. அதோட இந்திய மையம் புதுடெல்லியில இருக்கு. ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலை. நாம பார்த்த மூணு இறந்தகாலமும் ஏ2 நிலையிலேயே கேட்பாங்க. ஒருமுறை பாஸ் பண்ணிட்டா அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது.

மறுபடியும் அந்த நைட் டியூட்டிக்கு வருவோம். இப்போ நீங்க கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். ‘குவாந்தொ தெஹோ தெ தொமார் ல பஸ்தீய?’ - மாத்திரையை எப்போ விட்டீங்கம்மா? பதில்ல ‘தெஹே’ வந்தா தேதியைக் குறிங்க. ‘தெஹாப’ வந்தா, எத்தனை தடவை, எதுக்காகன்னு கேளுங்க. ‘எ தெஹாதொ’ வந்தா, இப்பவும் சாப்பிடலைன்னு எழுதிட்டு, எப்போ இருந்துன்னு கேளுங்க. காதுல விழுந்தது சரியான்னு துளி சந்தேகம் இருந்தாலும் ஆஸ்பத்திரியோட மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டுடுங்க. மருந்து விஷயத்துல வீரம் வேண்டாம்.

மத்தபடி, வெளியே மழை பெய்யுறப்போ, பஸ் நிக்கிறப்போ, யாராவது எதையாவது விடுறப்போ மனசுக்குள்ள ஒருமுறை ஸ்பானிஷ்ல சொல்லிப் பாருங்க. வடசேரி பஸ் ஸ்டாண்டுல அரை மணி நேரம் நின்னா போதும், ஒரு பாடமே முடிஞ்சுடும்!